ரோஸ் ஐஷேடோ பேலட்: மெட்ராஸ் ஐ வந்த மாதிரி தெரியாமல் போட்டுக்கொள்ள ஒரு முழுமையான வழிகாட்டி

சித்தி மகள் நிச்சயதார்த்தத்துக்குத்தான் முதன்முதலாக ரோஸ் கலர் ஐஷேடோ போட்டுக்கொண்டு போனேன். வீட்டுக் கண்ணாடியில் பார்த்தபோது எனக்குப் பிடித்திருந்தது. மண்டப வாசலில் பன்னீர் தெளித்துக்கொண்டிருந்த பெரியம்மா என்னைப் பார்த்ததும் இரண்டடி பின்னால் நகர்ந்தார். "என்னடி, மெட்ராஸ் ஐயா? குழந்தைங்க பக்கம் போகாதே" என்றார்.

கிண்டல் இல்லை, நிஜமாகவே கேட்டார். கழிவறைக்குப் போய்ப் பார்த்தால் அவர் சொன்னது சரிதான். இமை முழுக்க ரோஸ், கீழ் இமையிலும் ரோஸ், கண்மை இல்லை. மூன்று நாள் அழுதவள் மாதிரி இருந்தேன். கைப்பையில் கிடந்த காஜலை எடுத்து இமைமுடி வேரை ஒட்டி ஒரு கோடு இழுத்தேன். அதே ரோஸ், அதே இமை, ஆனால் முகம் மாறிவிட்டது. அதற்குப் பிறகு எத்தனையோ பேலட் (பல நிற ஐஷேடோ சேர்ந்த பெட்டி) வாங்கிவிட்டேன், உறவுப் பெண்கள் பலருக்குப் போட்டும் விட்டிருக்கிறேன். அன்று கற்றுக்கொண்டதற்கு மேல் பெரிதாக எதுவும் சேரவில்லை: ரோஸுக்கும் கண்ணுக்கும் நடுவில் ஓர் இருண்ட கோடு இருந்தாக வேண்டும்.

காரணம் எளிது. வெண்விழியில் மெல்லிய ரத்த நாளங்கள் எல்லோருக்கும் உண்டு. இமை விளிம்பில் சிவப்புச் சாயல் உள்ள நிறம் வந்தால், பார்ப்பவர் பார்வை அந்தச் சிவப்பையும் இந்தச் சிவப்பையும் சேர்த்துப் பார்த்துவிடுகிறது. இமை வீங்கிச் சிவந்தால் நோய் என்று நமக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். நடுவில் கறுப்போ அடர் பழுப்போ வந்தால் இரண்டும் பிரிந்துவிடும். பழுப்பு, தங்க நிற ஐஷேடோவில் இந்தச் சிக்கல் இல்லாததால்தான் அதையெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு போடலாம். ரோஸ் கொஞ்சம் கவனம் கேட்கும்.

எந்த ரோஸ்? புடவைக் கடைக் கணக்கு

பேலட் பெட்டியில் இருக்கும் ஆங்கிலப் பெயர்களைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். புடவைக் கடையில் நிறம் சொல்லத் தெரிந்தவர்களுக்கு இது பழகிய விஷயம்தான்.

வெங்காயத்தோல் கலர் என்போமே, ரோஸும் பழுப்பும் கலந்து கொஞ்சம் மங்கலாக இருக்குமே, அதைத்தான் டஸ்டி ரோஸ் என்று விற்கிறார்கள். மாநிறத்துக்கும் அதற்கு மேல் அடர்ந்த நிறத்துக்கும் முதல் பேலட் வாங்குபவர்கள் இந்தச் சாயல் அதிகம் உள்ளதாகத் தேடினால் ஏமாற்றமே இருக்காது. வாடிய டிசம்பர் பூ நிறம் மாவ்: ரோஸில் ஊதாவும் சாம்பலும் சேர்ந்தது. மாவ் போல ஊதா சாய்ந்தது குளிர்ந்த பக்கம். காவியும் செங்கல்லும் சூடான பக்கம். அரக்கும் நாவல்பழமும் அடர்ந்த பக்கம், கோடு இழுக்கவும் ஓரத்தை ஆழமாக்கவும் உதவும். ராணி பிங்க் பார்க்க ஆசையாக இருக்கும். பேலட்டில் அதிகம் தொடப்படாமல் கிடக்கப்போவதும் அதுதான். ரோஸ் கோல்டு என்பது தங்கத்தில் செம்பு சேர்த்தால் வரும் உலோக நிறம். பட்டுப்புடவை ஜரிகைக்குப் பக்கத்தில் இதைவிட நன்றாகப் பொருந்தும் ஷிம்மரை, அதாவது மினுங்கும் ஐஷேடோவை, நான் பார்த்ததில்லை.

வெளிர் ரோஸைப் பற்றி ஓர் எச்சரிக்கை. நிறத்தை வெளிற வைக்கப் பெரும்பாலும் டைட்டானியம் டை ஆக்சைடு என்ற வெள்ளை நிறமி சேர்க்கிறார்கள். நம் நிறத்தின் மேல் அது மேட்டாக, அதாவது மினுக்கமே இல்லாமல், உட்காரும்போது விபூதி பூசிய மாதிரி வெளுத்து நிற்கும். ஃபிளாஷ் வெளிச்சத்தில் இன்னும் மோசம். வெளிர் ரோஸ் வேண்டுமென்றால் ஷிம்மராகத் தேர்ந்தெடுங்கள். மேட்டில் வேண்டுமென்றால் உங்கள் தோலைவிட ஒரு படி அடர்ந்ததாக எடுங்கள்.

கண்ணுக்குக் கீழே கருவளையம் இருந்தால் மாவ் பக்கம் போகாதீர்கள். அந்த ஊதாச் சாம்பல் கருவளையத்தைக் கூப்பிட்டுக் காட்டும். காவி, பீச் கலந்த சூடான ரோஸ் அதைக் கொஞ்சம் மறைத்துக் கொடுக்கும்.

விழி நிறத்தைப் பற்றி நிறைய எழுதுகிறார்கள். பச்சை விழிக்கு ரோஸ் எடுப்பாக இருக்கும் என்பது உண்மைதான். நம்மில் பெரும்பாலோருக்கு விழி அடர் பழுப்பு, அதற்கு எதுவும் ஒத்துப்போகும். அந்தக் கவலையை விடுங்கள்.

பேலட்டைத் திறந்ததும் எண்ண வேண்டியது

பன்னிரண்டு நிறம், பதினெட்டு நிறம் என்பதில் மயங்காதீர்கள். நான் முதலில் தேடுவது மூன்று. உங்கள் தோலைவிடச் சற்றே அடர்ந்த ஒரு மேட் பழுப்பு ரோஸ். காப்பிக்கொட்டை அளவுக்கு இருண்ட ஒரு மேட். விரலால் தொட்டால் ஈரமாக ஒட்டும் ஒரு ஷிம்மர். இந்த மூன்றும் இருந்தால் மீதியெல்லாம் ஆசைக்கு. இருண்ட மேட் இல்லாத ரோஸ் பேலட்டுகள் கடையில் ஏராளம். அதை வாங்கினால் தனியாக ஒரு பழுப்பு வாங்கியே தீர வேண்டியிருக்கும்.

உதாரணத்துக்கு அர்பன் டிகே என்ற பிராண்டின் நேக்கட் 3 பேலட். 2013 இறுதியில் வந்தது, பன்னிரண்டு நிறம். ரோஸ் சாயல் பேலட் என்ற ஆசையை உலகம் முழுக்கப் பரப்பியதில் இதற்குப் பெரிய பங்கு உண்டு. இடமிருந்து வலமாக வெளிறியதிலிருந்து இருண்டதுக்குப் போகும். ஸ்ட்ரேஞ்ச், டஸ்ட், பர்ன்அவுட், லிமிட் என்ற முதல் நான்கும் வெளிர் பக்கம். மாநிறத்தைத் தாண்டியவர்களுக்கு அவை உள்மூலைக்கும் புருவத்தடிக்கும்தான் உதவும். நடுவில் இருக்கும் நூனர் என்ற மேட் பழுப்பு ரோஸ்தான் வேலைக்காரி. அதைத்தான் இமை மடிப்பில் போட வேண்டும். ட்ரிக் செம்பு ரோஸ். கடைசியில் இருக்கும் பிளாக்ஹார்ட் கறுப்பில் சிவப்புப் பொடி மினுங்கும் நிறம். நான் மேலே சொன்ன இருண்ட கோட்டுக்கு அது அப்படியே பொருந்தும்.

இன்னொரு பக்கம், அனஸ்டாசியா பெவர்லி ஹில்ஸ் பிராண்டின் மாடர்ன் ரினெய்சன்ஸ். 2016, பதினான்கு நிறம், பெரும்பாலும் மேட். வெனிஷியன் ரெட், ரா சியன்னா, டெம்பரா என்று பல பெயர்கள் ஓவியர்களின் நிறமியும் முறையும்தான். நடுவே வெர்மீர் என்று ஓர் ஓவியரின் பெயரிலும் ஒன்று உண்டு. அவர் ரினெய்சன்ஸ் என்ற மறுமலர்ச்சிக் காலத்துக்குப் பிறகு வந்த டச்சுக்காரர் ஆயிற்றே என்று யார் கேட்பது! இந்தப் பேலட் செங்கல், காவி, மாதுளை என்று சூடான பக்கம் சாய்ந்தது. ரோஸே போடத் தெரியாதவர்களுக்கு முதல் பேலட்டாக இதை நான் சொல்ல மாட்டேன். சிவப்புகள் அழுத்தமானவை, கை பழகாவிட்டால் பெரியம்மா பின்னால் நகர்வார். கை பழகியவர்களுக்கு நம் நிறத்தில் இது பிரமாதமாக ஏறும்.

இந்த இரண்டைத்தான் வாங்க வேண்டும் என்றில்லை. அதே சாயலில் குறைந்த விலைப் பேலட்டுகள் எவ்வளவோ வந்துவிட்டன. குளிர்ந்த ரோஸ், சூடான ரோஸ் என்ற இரண்டு கோடிகளையும் மனதில் வைத்துக்கொண்டால் எதை எடுத்தாலும் எந்தப் பக்கம் சாய்கிறது என்று புரிந்துவிடும். விலையைப் பார்க்கும்போது கிராமையும் பாருங்கள். ஒரு நிறத்துக்கு ஒன்று, ஒன்றரை கிராம் இருந்தால் போதும். ஐஷேடோவை அடிவரை தீர்த்தவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

கடையில்

கடையில் போட்டுப் பார்க்க வைத்திருக்கும் டெஸ்டரைக் கண்ணில் வைக்கவே கூடாது, கையில் மட்டும். முன்கையின் உள்பக்கம் தேய்த்துப் பார்ப்பதுதான் வழக்கம். ஆனால் அங்கே தோல் வெளுப்பு, நம் இமை பெரும்பாலும் முகத்தைவிடக் கறுப்பு. அதனால் நான் விரல் கணுவின் மேல் தேய்ப்பேன். கறுப்பும் சுருக்கமும் இமைக்குக் கிட்டத்தட்ட ஒத்துவரும். தேய்த்துவிட்டு வாசலுக்கு வந்து வெயிலில் பாருங்கள். கடை விளக்கில் எல்லா ரோஸும் அழகுதான்.

விரலால் தொட்டதும் நிறம் கொட்டோ கொட்டென்று கொட்டினால் நல்ல பேலட் என்று அர்த்தமில்லை. ஷிம்மர் விரலில் எப்போதும் கூடுதலாகத்தான் தெரியும். மேட்டை ஒரு முறை லேசாகத் தேய்த்துப் பாருங்கள். திட்டுத் திட்டாக விட்டுப்போகாமல் மெல்ல மங்கிக்கொண்டே போனால் நன்றாகக் கலக்கும்.

பிறகு பின்பக்கப் பொடி எழுத்து. சி.ஐ. என்பது நிறமிகளுக்கான எண் வரிசை. சி.ஐ. 77491 என்றிருந்தால் சிவப்பு இரும்பு ஆக்சைடு, பழுப்பு ரோஸ்களின் அடிப்படை அதுதான். சி.ஐ. 75470 என்றால் கார்மைன். சப்பாத்திக்கள்ளியில் வாழும் கோச்சினியல் பூச்சியிலிருந்து எடுக்கும் சிவப்பு. சைவம் கடைப்பிடிப்பவர்கள் கவனிக்க வேண்டிய எண் இது. நம் ஊருக்கும் இந்தப் பூச்சிக்கும் ஒரு பழைய தொடர்பு உண்டு. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஜேம்ஸ் ஆண்டர்சன் என்ற கிழக்கிந்தியக் கம்பெனி மருத்துவர் சைதாப்பேட்டையில் கள்ளித் தோட்டமே போட்டு இந்தச் சாயத்தை இங்கே எடுக்கப் பார்த்தார். வந்து சேர்ந்தது தரம் குறைந்த இனப் பூச்சி, முயற்சி எடுபடவில்லை.

பளிச்சென்ற ரோஸ்களில் இன்னொரு விஷயம். சில சிவப்புச் சாயங்களைக் கண்ணைச் சுற்றிப் பயன்படுத்த அமெரிக்காவில் அனுமதி இல்லை. அதனால் சில பேலட்டுகளில் அந்த நிறங்களை மட்டும் பிரெஸ்டு பிக்மென்ட் என்று பெயர் போட்டு, கண் பகுதிக்கு அல்ல என்று சின்னதாக எழுதியிருப்பார்கள். இவை தோலில் கறையும் ஏற்றும், துடைத்த பிறகும் இமை ரோஸாகவே நிற்கும். முதல் முறை போடுமுன் காதுக்குப் பின்னால் கொஞ்சம் தடவி ஒரு நாள் விட்டுப் பாருங்கள். தயாரிப்புத் தேதி, இறக்குமதி செய்தவர் முகவரி எதுவும் இல்லாமல் பிரபல பிராண்டின் பெயர் மட்டும் இருக்கும் மலிவுப் பேலட் போலியாக இருக்கவே வாய்ப்பு அதிகம். கண்ணுக்கு அது வேண்டாம்.

போடும் முறை

பிரஷ் மூன்று போதும்: பஞ்சு மாதிரி உப்பிய ஒன்று, தட்டையான ஒன்று, சாய்வாக வெட்டிய மெல்லிய ஒன்று. பேலட்டோடு வரும் ஸ்பாஞ்ச் குச்சியைத் தூக்கிப் போட்டுவிடுங்கள்.

கான்டாக்ட் லென்ஸ் போடுபவர்கள் முதலில் லென்ஸ். அடுத்து கண், அதற்குப் பிறகுதான் முகத்துக்கு ஃபவுண்டேஷன். ஷிம்மர் கன்னத்தில் உதிர்ந்தால் துடைத்துவிட்டு முகத்தைத் தொடங்கலாம். தலைகீழாகச் செய்தால் எல்லாவற்றையும் மறுபடி போட வேண்டும்.

இமையில் மிளகளவு ப்ரைமர் (ஐஷேடோவைப் பிடித்து நிறுத்தும் அடிப்பூச்சு) அல்லது கன்சீலர் (தோல் நிறத்தில் கறை மறைக்கும் கிரீம்). விரலால் தட்டித் தட்டிப் பரப்புங்கள், ஒரு நிமிடம் விடுங்கள். அதன் மேல் மடிப்புக்கு மேற்பட்ட பகுதிக்கு மட்டும் தோல் நிறப் பவுடர் லேசாக. ஈரத்தின் மேல் நேராக மேட் போட்டால் முதலில் தொட்ட இடத்தில் திட்டாக ஒட்டிக்கொள்ளும், பிறகு எத்தனை தேய்த்தாலும் கலக்காது.

கண்ணை மூடாமல் கண்ணாடியை நேராகப் பாருங்கள். இது முக்கியம், ஏனென்றால் மூடிய இமையில் அழகாகப் போட்டது திறந்ததும் மடிப்புக்குள் காணாமல் போகும். உப்பிய பிரஷில் பழுப்பு ரோஸ் மேட்டைத் தொட்டு, ஒரு தட்டுத் தட்டிவிட்டு, மடிப்புக்குச் சற்று மேலே வெளி ஓரத்தில் தொடங்கி உள்ளே போய் வாருங்கள். மழையில் கார் வைப்பர் போவது போல. பிரஷைக் காம்பின் நுனியில் பிடித்தால் அழுத்தம் தானாகக் குறையும். ஓரம் எங்கே முடிகிறது என்று உங்களுக்கே தெரியாத வரை கலக்குங்கள். புருவம் வரை ஏற்ற வேண்டாம், பாதி தூரத்தில் நிறுத்துங்கள்.

அடுத்து அரக்கோ நாவல்பழமோ. இமையின் வெளிப்பக்க மூன்றில் ஒரு பங்குக்கு மட்டும். கொஞ்சமாக இரண்டு மூன்று தடவை ஏற்றுங்கள். அடர் நிறத்தைக் கூட்டுவது சுலபம், குறைக்க முயன்றால் சேறாகிவிடும். அதிகமாகிவிட்டால் புது நிறம் எடுக்காமல் அந்தப் பழைய பழுப்பு ரோஸ் பிரஷாலேயே ஓரத்தைத் தேய்த்து மங்க வையுங்கள்.

ஷிம்மருக்கு மோதிர விரலைவிட நல்ல பிரஷ் இல்லை. இமையின் நடுவில் அழுத்தி வையுங்கள், தேய்க்காதீர்கள். இன்னும் மின்ன வேண்டுமென்றால் தட்டையான பிரஷில் செட்டிங் ஸ்ப்ரேயை (மேக்கப் கலையாமலிருக்க அடிக்கும் ஸ்ப்ரே) அடித்து அந்த ஈரத்தில் எடுங்கள். பேலட்டின் மேலேயே அடித்தால் பொடி இறுகி அதன்பின் நிறம் ஏறாது.

இப்போது அந்தக் கோடு. சாய்ந்த பிரஷில் மிக இருண்ட மேட்டை எடுத்து இமைமுடி வேருக்குள் அழுத்தி அழுத்திப் பதியுங்கள். அல்லது காஜல் பென்சிலால் இழுத்து அதன் மேல் இருண்ட பொடியை வைத்து அமுக்குங்கள். இரண்டாவது முறைதான் நம் வெயிலுக்குத் தாங்கும். கோடு நேராக வராவிட்டால் பரவாயில்லை, புகை மாதிரி மங்கலாக இருந்தால் ரோஸோடு இன்னும் நன்றாகச் சேரும். முக்கியமானது வேர்களுக்கு நடுவே தோல் தெரியாமல் இருப்பது.

கீழ் இமையில்தான் பாதிப் பேர் தப்பு செய்கிறார்கள், நானும் அங்கேதான் சறுக்கினேன். கீழே ரோஸை நேராகப் போடாதீர்கள். முதலில் பழுப்பு, அதுவும் வெளி ஓரத்தில் மூன்றில் ஒரு பங்கு. அதற்குக் கீழே, விளிம்பைத் தொடாமல், ரோஸ் லேசாக ஒரு நிழல் மாதிரி. உள்மூலையில் ஒரு புள்ளி வெளிர் ஷிம்மர், மேலே மஸ்காரா. தள்ளி நின்று பாருங்கள். அழுதது போல இருந்தால் ரோஸைத் துடைக்க வேண்டாம், கோட்டைக் கொஞ்சம் தடிமனாக்குங்கள்.

ஆபீஸுக்கு இத்தனையும் தேவையில்லை. வெங்காயத்தோல் நிற மேட்டை மடிப்பில், காஜல், மஸ்காரா. மூன்று நிமிடம்.

வியர்வையும் ஹோமப் புகையும்

விடிகாலை நாலரைக்கு முகூர்த்தம் என்றால் இரண்டு மணிக்குப் போட்ட மேக்கப் மதியப் பந்தி வரை நிற்க வேண்டும். எண்ணெய் வடியும் இமைக்குக் கன்சீலர் போதாது, ப்ரைமரே வேண்டும், அதுவும் மெல்லிசாக. தடியாகப் போட்டால் அதுவே மடிப்பில் கோடாகச் சேர்ந்துகொள்ளும். மணமேடையில் உட்காரப் போகிறவர்களுக்கு ஹோமப் புகையில் கண் கலங்காமல் இருக்காது. காஜலும் மஸ்காராவும் வாட்டர்ப்ரூஃப். கீழ் இமை ரோஸை அன்றைக்கு அடியோடு விட்டுவிடுங்கள், ஏனென்றால் புகையில் கண் எப்படியும் சிவக்கும். பெரிய கிளிட்டர் வேண்டவே வேண்டாம்: கண்ணுக்குள் உதிர்ந்து, தாலி கட்டும் நேரத்தில் கண்ணைக் கசக்கிக்கொண்டிருப்பீர்கள்.

கண்ணீர் வந்தால் துடைக்காமல் டிஷ்யூ முனையை உள்மூலையில் வைத்து உறிஞ்சுங்கள்.

கண்ணுக்குக் கண் மாறும்

மடிப்பு வெளியே தெரியாத கண்ணுக்குப் பழுப்பு ரோஸை இன்னும் மேலே ஏற்ற வேண்டும். ஷிம்மர் நடுவில் மட்டும். உள்வாங்கிய கண்ணுக்கு இருண்ட நிறம் குறைவாக. அம்மாவின் அறுபதாம் கல்யாணத்துக்கு நான்தான் போட்டுவிட்டேன். வயதான இமையில் பளபளக்கும் ஷிம்மர் ஒவ்வொரு சுருக்கத்தையும் எண்ணிக் காட்டும். மேட்டும், லேசாக மட்டும் மினுங்கும் சாட்டினும்தான் சரி. வெங்காயத்தோல் மேட், அடர் பழுப்புக் கோடு, அவ்வளவுதான் போட்டேன். அப்பாவே திரும்பிப் பார்த்தார்.

மைனஸ் பவர் கண்ணாடி கண்ணைச் சின்னதாக்கும், நிறத்தை ஒரு படி கூட்டலாம். பிளஸ் பவர் பெரிதாக்கும், கூடவே கலக்காத ஓரங்களையும் பெரிதாக்கும்.

புடவையும் உதடும்

ரோஸ் புடவைக்கு ரோஸ் கண் என்று போட்டால் பொம்மை மாதிரி ஆகிவிடும். இலைப்பச்சை, மயில் கழுத்து, மாம்பழ மஞ்சள் இவற்றோடுதான் ரோஸ் கண் பேசும். அரக்குப் புடவைக்குச் செம்பு ரோஸ். உதட்டுக்கும் கன்னத்துக்கும் அதே குடும்பத்து நிறம் நன்றாக இருக்கும், ஆனால் மூன்றும் ஒரே அழுத்தத்தில் வேண்டாம். கண் அடர்ந்தால் உதடு இறங்கட்டும்.

கலைப்பதும் காப்பதும்

லென்ஸைக் கழற்றிவிட்டுத் தொடங்குங்கள். பஞ்சில் மைசெல்லர் வாட்டர் என்ற மேக்கப் கலைக்கும் நீரை நனைத்து இமை மேல் அரை நிமிடம் வைத்து, மேலிருந்து கீழே துடையுங்கள். வாட்டர்ப்ரூஃப் மைக்கு எண்ணெய் கலந்த ரிமூவர் வேண்டும். தேங்காய் எண்ணெய் வேலை செய்யும், கண்ணுக்குள் போனால் கொஞ்ச நேரம் மங்கலாகத் தெரியும். பிரஷ்களை வாரம் ஒரு முறை பேபி ஷாம்புவில் அலசி, நிமிர்த்தி வைக்காமல் படுக்க வைத்து உலர்த்துங்கள். நிமிர்த்தினால் தண்ணீர் காம்புக்குள் இறங்கிப் பசை விட்டுவிடும். பேலட்டின் பின்னால் திறந்த டப்பா படத்தில் 12எம், 24எம் என்று போட்டிருப்பது திறந்த நாளிலிருந்து எத்தனை மாதம் என்ற கணக்கு. திறந்த தேதியை அடியில் எழுதி ஒட்டிவிடுங்கள்.

நிஜமாகவே மெட்ராஸ் ஐ வந்துவிட்டால், குணமாகும் வரை கண்ணில் எதுவும் போடக் கூடாது. அந்த நாட்களில் பயன்படுத்திய காஜலும் மஸ்காராவும் குப்பைக்கு. பிரஷ்களை நன்றாகக் கழுவுங்கள். நோய்க் கண்ணைத் தொட்ட விரல் பேலட்டையும் தொட்டிருந்தால், எவ்வளவு விலை கொடுத்து வாங்கியதாக இருந்தாலும் அதையும் சேர்த்து.